மூன்று வியாழக்கிழமைகள்

எங்கிருக்கிறான் என்று தெரியாதவனுக்கும்
ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டுமாம்.
செய்தித்தாளில் போடுங்கள் என்றார் வக்கீல்,
வியாழன்தோறும், மூன்று வாரம்.
நூற்றுப் பதினான்கு டாலர்.
ரொக்கமாகக் கொடுத்தேன், சில்லறை வாங்க மறந்தேன்.

பெமிட்ஜியில் அப்போது ஏரி உறையத் தொடங்கியிருந்தது.
கைப்பிடி உடைந்த பனித்தள்ளி விற்பனைக்கு,
மீன்பிடிப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம்,
இரண்டுக்கும் நடுவே பொடி எழுத்தில்
கர்ட்டிஸ் வேட் ஓஸ்ட்பி,
கடைசியாக அறியப்பட்ட இடம் வில்லிஸ்டன்,
ஆட்சேபம் இருந்தால் நேரில் வருக.
கீழே மனுதாரர், ஆரின் டால்பெர்க்.
நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் இருந்தது
அந்தப் பத்தியில் மட்டும்தான்.

நான் அவனைப் பார்த்ததில்லை.
அவனுடைய அரை அங்குல ஸ்பானர்
ஏழு வருடமாய் என் பெட்டியில் கிடக்கிறது.
நல்ல ஸ்பானர்.
பல வீடுகளைச் சூடாக்கியிருக்கிறது.

இரண்டாம் வாரம் ஃபர்னஸ் பழுது பார்க்கப் போன வீட்டில்
கதவோரம் செய்தித்தாளை விரித்து
ஈரப் பூட்ஸுகளை வைத்திருந்தார்கள்.
குதிகாலுக்கடியில் அவன் பெயர் ஊறிக்கொண்டிருந்தது.
யாரும் பார்க்காத நேரத்தில்
பூட்ஸை ஒரு சாண் தள்ளி வைத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
அன்றிரவும் தொலைபேசி அடித்தபோது
அவனாக இருக்கக் கூடாது என்றுதான்
அடுப்படிக்கு ஓடினேன்.
பல் மருத்துவமனை.
மாரெனுக்கு ஜனவரியில் கம்பி கட்டலாமாம்.

மூன்றாம் வியாழன்
தாளில் ஒரு ஜன்னல்.
கத்தரிக்கோல் ஓரம் நேராக இல்லை,
பனித்தள்ளியில் பாதியும் போயிருந்தது.
ஜனெல் என்னைப் பார்த்தாள்,
நான் வானிலைப் பக்கத்தைப் பார்த்தேன்.

மாரெனே வந்து சொன்னாள், சாப்பாட்டுத் தட்டோடு:
"அவர் பேரை அச்சில் இப்பதான் பாக்கறேன்.
நடுப்பேர் வேட்-னு யாருமே சொல்லலையே."
பதினொரு வயது.
உருளைக்கிழங்கை இன்னும் கொஞ்சம் வைத்துக்கொண்டாள்.
"நல்ல பேருதான்" என்றேன்.
அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது;
பொய்யாக இருந்திருந்தால்
சுலபமாக வந்திருக்கும்.

அவன் வரவில்லை.
நீதிமன்றத்தில் மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தார்கள்,
காலியான நடைவழியைப் பார்த்து.
மூன்றாம் முறை மாரெனும் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தத் திருமணம் நாளைக்கே முறிந்தாலும்
இவள் உங்கள் மகள்தான். புரிகிறதா?"
என்னென்னவோ பேசத் தயாரித்திருந்தேன்.
வாயில் வந்தது:
"ஜனவரியில் பல்லுக்குக் கம்பி கட்டணும், அம்மா,
என் காப்பீட்டில் சேர்க்கணும்."
எழுத்தர் சிரிப்பை இருமலாக்கினார்.
"ஆம் அல்லது இல்லை, மிஸ்டர் டால்பெர்க்."
"ஆம்."

மார்ச்சில் புதிய பிறப்புச் சான்றிதழ் வந்தது.
தந்தை என்ற கட்டத்தில் என் பெயர்,
அன்று அந்த மருத்துவமனையில்
நானே கையைக் கட்டிக்கொண்டு நின்றதுபோல.
அந்த இரவு நான் ஃபார்கோவில்
ஒரு பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்குள்
தலையை விட்டுக்கொண்டு
யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன்.
எங்கோ ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்று
எனக்கு யார் சொல்வார்கள்?
முத்திரை மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். மேடாக இருந்தது.

மாரென் அதை இரண்டாக மடித்து
ஸ்கேட் வந்த அட்டைப்பெட்டியில் வைத்தாள்.
வெட்டிய தாளும் அங்கேதான் இருக்கிறது.
எது மேலே, எது அடியில் என்று
நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஸ்கேட் இப்போது காலைக் கடிக்கிறதாம்.
சனிக்கிழமை புதிது வாங்கப் போகிறோம்.
பழையதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள்.
பெட்டியை மட்டும்
தொடக் கூடாதாம்.