இடது ஓரம்

மூன்று இரவாக நிரூபித்துக்கொண்டிருந்தேன்.
பொய்யை, என்று அப்போது தெரியாது.

கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்கு
ஏழு ஐம்பது பேருந்தில் நின்றபடி
ஒரு கை கம்பியில்,
மறு கையில் மடித்த ஜெராக்ஸ் தாள்.
தொடர்ச்சியான இச்சார்பு
சீராகவும் தொடர்ச்சியானது எனக் காட்டுக.
காட்டினேன். ஒவ்வொரு முறையும்
எட்டாவது வரிக்கு வந்ததும் டெல்டா
கைக்குள் அயிரைபோல் நழுவும்.

பக்கத்து இருக்கை நூர்ஜமீலா
கைடை நீட்டினாள்.
'எளிதில் காணலாம்' என்றிருந்தது.
யாருக்கு எளிது, எங்கிருந்து காண்பது
என்று போடவில்லை.

பிறகுதான் அமலதாஸ்.
பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை,
தேவகோட்டைக்காரன், என் வயதுதான்.
இயந்திரத்தின் பச்சை வெளிச்சம்
முகத்தில் போய்ப் போய் வர
நோட்டு எண்ணும் வேகத்தில் என் தாளைப் படித்து
எட்டாவது வரியில் விரலை வைத்தான்.

"உங்க அப்பா என்ன வேலை?"
"வீடு பாக்கிறார். பெரிய வீடு. பதினொரு பங்கு."
"எத்தனை சாவி?"
"நாப்பத்தி மூணு."
"ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி இருக்கு.
எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி இருக்கா?"
"இல்லை."
"இருக்குன்னு எழுதியிருக்கியே."

சொற்கள் அவைதாம். வரிசைதான் வேறு.
கோபம் வந்தது.

"ஒன்றை எக்ஸால வகுத்துப் பாரு.
சுழியை நெருங்க நெருங்கச் சாவி சிறுத்துக்கிட்டே போகும்.
கடைசிச் சாவின்னு ஒண்ணு கிடையாது."

அப்படியானால் கணக்கே தப்பா?
மேசைக்கடியில் துழாவி
பேராசிரியர் கொடுத்த மூலத்தாளை எடுத்தான்.
இடது ஓரத்தில், கறுப்பாக, நிமிர்ந்து,
ஒரு சதுர அடைப்புக்குறி.
மூடிய இடைவெளி.

அவன் கண்ணாடிமேல் தாளைச் சாய்த்து வைத்ததில்
என் பிரதியில் அது வெட்டுப்பட்டிருக்கிறது.
வெட்டுப்பட்ட இடத்தில் நானே பேனாவால்
வளைவாக ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன்.
பாதிப் பிழை அவனுடையது.
இரண்டு ரூபாயைத் திருப்பித் தந்தான்.

இரு முனையும் மூடியிருந்தால் ஒரே சாவி போதும்.
ஒரு கதவு மயிரிழை திறந்திருந்தாலும்
உலகத்துச் சாவியெல்லாம் போதாது.
அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன்.
"பின்கட்டுக் கதவா? பூட்டிட்டேனே" என்றார்.

மறுநாள் அமலதாஸ் ஒரு புதிர் போட்டான்.
ரெண்டு கதவு, ரெண்டு காவலாளி,
ஒருத்தன் மெய்யே சொல்வான், ஒருத்தன் பொய்யே சொல்வான்,
கேட்கலாம் ஒரே கேள்வி.

என் அப்பாவும் காவலாளிதான்.
கோயம்புத்தூர்ப் பங்காளி போன் செய்தால்
"யாரும் வரலைங்க" என்பார்.
சென்னைப் பங்காளி கேட்டால்
"நேத்துத்தான் வந்துட்டுப் போனாக" என்பார்.
எது மெய் என்பது
தீபாவளிக்கு வேட்டி எடுத்துத் தந்தது யார்
என்பதைப் பொறுத்தது.
அவரிடம் எந்த ஒரு கேள்வியைக் கேட்பது?

அமலதாஸ் அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தான்.
சிரித்த சூட்டிலேயே சொன்னான்:
மெய்ப் பகுப்பாய்வு. நாலு முறை அரியர்.
"அடுத்தவங்க எழுதினதுல ஓட்டை உடனே தெரியுது.
வெள்ளைத் தாளை வச்சா கை ஓடலை."

தூறல் மாலை. கடையில் கூட்டமில்லை.
கல்லாப் பலகையைத் தூக்கி உள்ளே போனேன்.
ஓரம் வெட்டுப்பட்டு வீணான தாள்கள் ஒரு கட்டு.
ஒன்றைத் திருப்பினேன். பின்புறம் வெள்ளை.
பேனாவை நான் எடுக்கவில்லை.
"வரிசையில முதல்ல யார் நிக்கிறா?
அதை மட்டும் சொல்லு" என்றேன்.

வெகுநேரம் மூடியைக் கடித்தான்.
ஆதார் அட்டையோடு ஒருவர் வந்து நின்றார்.
"முன்னும் பின்னுமா?" என்று
தலை நிமிராமலே அவரைக் கேட்டுவிட்டு
எழுதினான்:

எப்சிலான் சுழியினும் பெரிது என்க.