அறுத்துப் பார்த்த கயிறு

ஸ்குவாமிஷில் மழை விட்ட சனிக்கிழமை.
பாறை இன்னும் காயவில்லை,
ஆகவே கடைக்குப் போனோம்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்.
பெட்டியைத் திருப்பித் தேதி பார்க்காமல்
ஒரு மிட்டாய்கூட வாங்கத் தெரியாது.
பெர்னிஸ் தபால் கொண்டுபோகிறவள். எண்பத்தாறு கிலோ.
நான் ஐம்பத்திரண்டு.
அந்த முப்பத்துநாலு கிலோவைக் கயிறு பார்த்துக்கொள்ள வேண்டும்,
மற்றதையெல்லாம் நாங்கள் பேசித் தீர்த்துக்கொள்வோம்.

கடை வாசலிலேயே ஒருவன் மறித்தான். கால்டர் என்று பெயர்.
வேனின் பின்கதவு திறந்து கிடந்தது.
"எழுபது மீட்டர். ஒரே ஒரு கோடை ஏறியது.
அறுபது டாலர் தந்தால் போதும்."
நீலத்தில் ஆரஞ்சுப் புள்ளி.
பெர்னிஸின் கை பர்ஸுக்குப் போய்விட்டது.

நான் வாங்கி விரலிடுக்கில் விட்டேன், கண்ணை மூடி,
பூக்காரி முழம் போடும் வேகத்தில் இல்லை,
நாடி பிடிக்கும் வேகத்தில்.
எங்கும் தட்டையில்லை, நொசநொசப்பில்லை,
மடித்தால் ஒழுங்காக வளைந்தது.

"எத்தனை தடவை விழுந்தீர்கள்?"
"ஞாபகமில்லை. பெரிசாக ஒன்றுமில்லை."
"வேனில் எங்கே வைப்பீர்கள்?"
அவன் காட்டிய மூலையில் ஓர் உதிரி பேட்டரி
முனையெல்லாம் வெள்ளை பூத்து உட்கார்ந்திருந்தது.
அமிலம் சிந்தியதா?
தெரியாது என்றான்.
அவன் கயிறு திரிக்கவில்லை, அதுதான் சங்கடம்.
தெரியாததைத் தெரியாது என்பவனோடு
எப்படிச் சண்டை போடுவது?
பழுதையென்று மிதிக்கவும் பாம்பென்று தாண்டவும் முடியாமல்
மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றோம்.

உள்ளே இங்க்ரிட் அலமாரியைக் காட்டினாள்.
இந்தப் பக்கம் நீளாத கயிறுகள், மூட்டை இழுக்க.
அதில் ஆள் விழுந்தால்
கயிறு நிற்கும், இடுப்பு நிற்காது.
அந்தப் பக்கம் நீளுகிறவை.
எட்டரை மில்லிமீட்டர் இறகு போல இருந்தது.
வேண்டாம். இவளைப் பிடித்து நிறுத்த
என் கைக்குள் கொஞ்சம் தடிமன் வேண்டும்.
ஒன்பது புள்ளி எட்டு.
சோதனையில் எத்தனை விழுதல் தாங்கியது,
எந்த வருடம் பின்னியது,
எல்லாம் சீட்டில் இருந்தது.
நடுவில் நிறம் மாறுகிற இடத்தை
நானே எண்ணிப் போய்ப் பார்த்தேன்.
இங்க்ரிட் இரண்டு முறை கடிகாரம் பார்த்தாள்.

வெளியே வந்தால் கால்டர் போகவில்லை.
"அறு. இருபது டாலர் தருகிறேன்,"
என்றாள் பெர்னிஸ்.
அவன் முகம் சுண்டியது. கத்தியை எடுத்தான்.

உறை பிளந்தது. உள்ளே இழைகள்
கழுவிய அரிசி போல, ஒன்றுகூடப் பழுப்பில்லை.
"பார்த்தீர்களா, நல்ல கயிறு!"
நல்ல கயிறுதான்,
அறுத்த அந்த அங்குலத்தில்.
மிச்ச அறுபத்தொன்பது மீட்டர் சொச்சம்
வாயைத் திறக்கவில்லை.
முழுக்கத் தெரிய வேண்டுமானால்
முழுக்க அறுக்க வேண்டும்;
அதற்குப் பிறகு தெரிந்து என்ன செய்ய?
ஒரு துண்டு பெர்னிஸின் நாய்க்குப் போனது.
மற்றதில் அவன் தன் படகைக் கூரையில் கட்டினான்.

இரவு கூடத்தில் புதுக்கயிற்றைச் சுருள் சுருளாக உருட்டிப் பிரித்தேன்;
அவசரத்தில் உதறினால் ஆயுளுக்கும் முறுக்கு விழும்.
நுனியில் பிளாஸ்திரி ஒட்டித் தேதி எழுதினேன்.
காலாவதித் தேதியை மட்டும் யாரும் அச்சடித்துத் தருவதில்லை.

ஞாயிறு. பாறை காய்ந்திருந்தது.
நாலாவது கொக்கிக்கு மேலே
பெர்னிஸின் கால் வழுக்கியது. கத்தக்கூட இல்லை.
நான் தரையை விட்டுப் போனேன்.
கயிறு கொட்டாவி விடுவது போல நீண்டு, நீண்டு,
அவசரமில்லாமல் நின்றது.
அவள் இறங்கி வந்தாள், நான் ஏறிப் போனேன்,
நடுவழியில் மூக்கும் மூக்கும் பார்க்கத் தொங்கினோம்.

"என்ன விலை சொன்னாய்?"
"இருநூற்று எண்பது."
"வரியோடா?"
"வரி தனி."