அரணாக்கயிறு

குடியாத்தத்தில் ஏறினால்
பரதராமி தாண்டியதும் பேருந்துக்குள் பாட்டு மாறும்.
நடத்துநர் அதே ஆள்தான்.
சித்தூர்ச் சிறை வாசலில்
கைப்பேசி, கொண்டை ஊசி, பேனாவின் மூடிகூட
முனிரெட்டப்பாவிடம் கொடுத்துவிட்டு
ஒன்பது கேள்விகளோடு உள்ளே போகிறேன்.

கதவைச் சாத்தக் கூடாது என்பது அவர்கள் விதி.
சொன்னது வெளியே போகாது என்பது என் விதி.
இரண்டுக்கும் நடுவில்
ஸ்டூல் போட்டு உட்கார்ந்து
வேர்க்கடலை உரிக்கிறார் முனிரெட்டப்பா.

வேடியப்பன். முப்பத்தொன்று என்கிறது தாள்.
ஜவ்வாது மலை. செம்மர வழக்கு.
கோடாலிக் காய்ப்பு நாலு மாதத்தில் உதிர்ந்துபோன
உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்,
யாரோ மாற்றி வைத்துவிட்ட மாதிரி.

அவனைச் சேர்த்த அன்று நான் விடுப்பு.
மருந்தாளுநர்தான் கேட்டிருக்கிறார், தெலுங்கில்:
'திகுலுகா உந்தா?'
திகுலு என்றால் அங்கே
மனசு கனத்துக் கிடப்பது.
இவன் காதில் திகிலாக விழுந்திருக்கிறது.
கரடி துரத்தி மரமேறிய ஆள்.
சிரித்துக்கொண்டே 'இல்லிங்க சார்' என்றிருக்கிறான்.
திகுலு: பூஜ்யம்.
அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே
என் பதிவு எண் பொறித்த முத்திரை.
மறுநாள் வந்து நான்தான் குத்தினேன்.

இன்று தமிழில் கேட்டேன்.
தூக்கம் வருதா?
'வெளக்க அணைக்கவே மாட்டேங்கறாங்க மேடம்.
ராத்திரி எப்ப வருதுன்னே தெரியல.'
சாப்பாடு?
'நல்லாத்தான் போடறாங்க. சாமை கெடைக்குமா?'
செத்துப்போகலாம்னு எப்பவாவது தோணுதா?
ஒன்பதாவதை
பருப்பு விலை விசாரிக்கிற குரலில் கேட்க
ஆறு வருடம் பழகியிருக்கிறேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
தன் இடுப்பைப் பார்த்தான்.
'தோணறதுக்கு என்ன இருக்கு.
வந்த அன்னைக்கே அறுத்துட்டாங்களே,
அரணாக்கயித்த.
எங்க ஊர்ல பொணத்துக்குத்தான் அறுப்பாங்க.
அறுத்தப்புறம்
தூங்குனியா சாப்பிட்டியான்னு
யாரும் கேக்க மாட்டாங்க.'

வெளியே வேர்க்கடலை
உடைந்துகொண்டே இருந்தது.

அந்த விதி என்னுடையது.
இரண்டு வருடத்துக்கு முன் எட்டாம் அறைச் சன்னலில்
ஒரு பையன்.
பெயரை இங்கே எழுதமாட்டேன்.
அப்புறம் பதினொரு பக்க அறிக்கை, கடைசியில் பட்டியல்:
துண்டு, பெல்ட், ஷூ நாடா, மொலத்தாடு.
மொலத்தாடு என்று தெலுங்கில் எழுதியபோது
அது மூன்றடி நூல், அவ்வளவுதான்.
அதற்குப் பிறகு சன்னலில் யாரும் இல்லை.
இதையும் சொல்லியாக வேண்டும்.
இன்றைக்கு உட்கார்ந்தாலும்
அதே பட்டியலைத்தான் எழுதுவேன்.

கண்காணிப்பாளரிடம் போய் நின்றேன்.
'மீ ரூலே கதா மேடம்' என்றார்,
கோபமில்லாமல்.

அடுத்த வியாழன்
அவன் சட்டை விலகியபோது தெரிந்தது:
லுங்கிக் கரையிலிருந்து உருவிய ஒற்றை இழை,
வெளுத்த நீலம்,
இடுப்பைச் சுற்றி, முன்னால் ஒரு முடிச்சு.
தும்மினால் அறும்.
ஒரு கொசுவைக்கூடத் தொங்கவிட முடியாது.
ஆனால் ஓர் இழை உருவியவன்
நாற்பது உருவுவான் என்கிறது படிப்பு.
படிப்பு பொய் சொல்வதில்லை.

தனியறை வேண்டாம்,
தமிழ் பேசுகிற ஆட்கள் இருக்கும் பாரக்குக்கு மாற்றுங்கள்,
கால்மணிக்கொரு தரம் போய்ப் பாருங்கள்,
ராத்திரி விளக்கில் ஒன்றையாவது அணையுங்கள்
என்றெல்லாம் எழுதினேன்.
நூலை எழுதவில்லை.

வாசலில் கொண்டை ஊசியைத் திருப்பித் தந்து
'ஏமைனா உந்தா மேடம்?' என்றார் முனிரெட்டப்பா.
'ஏமி லேது.'
தெலுங்கில் சொல்வது சுலபமாக இருந்தது.

பரதராமி சோதனைச் சாவடியில்
ஒரு காவலர் ஏறி
ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் டார்ச் அடித்து
மரம் தேடினார்.
கால்களைத் தூக்கிக்கொண்டேன்.