காரணம் தேர்ந்தெடுக்கவும்

முதல் கம்பெனிக்காரர் கொண்டுவந்த டேப்லெட்
தோசைக்கல்லுக்கு நாலடி தள்ளி வைத்தும்
பன்னிரண்டே காலுக்கு
'சூடு அதிகம், ஆறிய பின் பயன்படுத்தவும்'
என்று எழுதிக் காட்டிவிட்டுக் கறுத்துப்போனது.
வேலூரில் மே மாதம்.
"ஆறணும்னா கார்த்திகை ஆவும்" என்றார் முனிரத்தினம்,
கல்லில் தண்ணீர் தெளித்தபடி.

இரண்டாவது நல்ல மெஷின்.
கணக்கெல்லாம் மேகத்தில் இருக்குமாம்.
மேகத்தை நம்பி என்ன ஆனதென்று
பாலாற்றைக் கேட்டுவிட்டு வாருங்கள், தம்பி.
நெட் போன இருபது நிமிஷம்
பில்லுக்கு நின்ற பதினோரு பேருக்கும்
மாத்திரை அட்டைப் பெட்டியைக் கிழித்து
பின்பக்கம் கூட்டிக் கொடுத்தேன்.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்து,
அந்த அட்டைக்கு மட்டும் பஞ்சமில்லை.

மூன்றாவதாக வந்தவன் ரீகன், காட்பாடிப் பையன்.
நெட் இல்லாவிட்டாலும் ஓடும், அக்கா, என்றான்.
பிளக்கைப் பிடுங்கியே காட்டினான்.
ஓடியது.
தொட்டுப் பாருங்க அண்ணே.
முனிரத்தினம் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை.
துடைத்துவிட்டுத் தொட்டார்.
முப்பது வருஷம் சூட்டில் காய்த்த விரல்,
கண்ணாடிக்கு அது விரலென்றே தெரியவில்லை.
குனிந்து மூக்கால் அழுத்தினார்.
இரண்டு பிளேட் பூரி ஆர்டர் ஆனது.

சரி, சமையல்கட்டுக்குக் காகிதம் துப்பும் பிரிண்டர்.
மேசைக்கு டேப்லெட் இரண்டு.
வங்காளத்திலும் மெனு வரும் என்றான்.
தபன் வாங்கிப் படித்துப் பார்த்துச் சிரித்தான்:
ரசம் இருக்க வேண்டிய இடத்தில்
பழச்சாறு என்று இருக்கிறதாம்.
திருத்தினோம். அது முடிய ஒரு மத்தியானம்.

உப்பில்லாமல், காரமில்லாமல், குழைய வைத்து.
மூன்று குறிப்பு இலவசம்,
நாலாவதுக்குத் தனிக் காசு.
நாலாவது என்ன அக்கா?
'கஞ்சி, வடிகட்டி, மூக்குக் குழாய்க்கு.'
கொஞ்சநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
காசு வேணாம், போட்டுத் தரேன் என்றான்.

பிறகு அந்தப் பொத்தான். தள்ளுபடி.
அழுத்தினால்
'காரணம் தேர்ந்தெடுக்கவும்' என்கிறது.
முதலாளியின் விருந்தினர்.
பண்டிகைச் சலுகை.
உணவில் குறை.
மற்றவை.

என் நீள நோட்டில் இதற்கு ஓர் எழுத்துதான்,
வட்டம் போட்ட 'ஆ'.
அகர்தலாக்காரர், ஆபரேஷன் மூன்றாம் தடவை தள்ளிப்போனது: ஆ.
ஏழாம் நம்பர் மேசை அம்மாள்,
வரும்போது இரண்டு பேர்: ஆ.
அசாம் பையன், அப்பாவின் மோதிரத்தை நீட்டினான்,
மடக்கி அவன் பையிலேயே போட்டு: ஆ.

ஆ-ன்னா?
ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்.
அப்புறம் பார்த்தீங்களா?
கேள்வியை விட்டுட்டு விலையைச் சொல்லு, ரீகன்.

வருஷச் சந்தா, பதினெட்டு சதவீத வரி,
தண்ணீர் பட்டால் வாரண்டி கிடையாது
(ஓட்டலுக்கு விற்கிறான், தண்ணீர் படக்கூடாதாம்).
கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாள் ராத்திரி
மற்றவை-யை அழுத்தி
ஆகட்டும் என்று அடித்தேன்.
'குறைந்தது பத்து எழுத்து தேவை.'
ரீகனுக்குப் போன் போட்டால்
கம்பெனிக்கு எழுதணும் அக்கா, ரெண்டு மாசம் ஆவும் என்றான்.
விரல்விட்டு எண்ணினேன். ஐந்து.
இன்னொரு தடவை அடித்தேன்:
ஆகட்டும் ஆகட்டும்.
ஏற்றுக்கொண்டது.

மாசக் கடைசியில் ஆடிட்டர் வரதராஜுலு
கலர் கலராக வந்த அறிக்கையைப் புரட்டி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"நாற்பத்தொரு பில்லு.
ஆகட்டும் ஆகட்டும்னு இது என்னம்மா ஸ்கீம்?
இதுக்கு ஜிஎஸ்டி போட்டீங்களா?"

போட்டிருக்கேன் சார்.
சைபருக்கு அஞ்சு சதவீதம்.