முட்டி வரை வெளிச்சம்

அக்டோபரில் ஒரு மூஸ் என்னைத் தப்பவிட்டது.
நான் தப்பித்தேன் என்றால் அது பொய்.
நியூஃபவுண்ட்லாந்தின் வடமுனைச் சாலை,
மழை,
பதினாறு வயது பிக்கப்பின் மஞ்சள் பார்வை.
பக்கக் கண்ணாடியைத் தட்டி மடக்கிவிட்டுப் போனது
ஒரு பெரிய இடுப்பு.
அவ்வளவுதான் பார்த்தேன்.

என் கண்புரை இன்னும் முதிரவில்லையாம்.
முதிரட்டும் என்று காத்திருக்கிறோம்
நானும் மருத்துவரும்.
கண்ணுக்கு வாங்க முடியாததை
வண்டிக்கு வாங்கப் போனேன்.

டெல்ஸியின் கடையில் ஒரு பெட்டி மேல் மின்னல்,
ஒரு பெட்டி மேல் ஓநாய்.
நூற்றைம்பது சதவீதம் கூடுதல் என்கிறது ஓநாய்.
எதைவிட?
அதை எழுதவில்லை.
"எண் ஏற ஏற நீலம் ஏறும்," என்றாள் டெல்ஸி,
"பார்க்க ஜோர்.
மூடுபனியில் சுவர் வைத்தது போல நிற்கும்.
இது நாலாயிரத்துக்குச் சற்று மேல்.
ஒரே குறை, சீக்கிரம் சாகும்."
எத்தனை நாளில் என்று கேட்டேன்.
முப்பது வருடமாக என்னிடம் எல்லாரும் கேட்பது
என் வாயிலிருந்து வந்தது.
அவளும் என்னைப் போலவே
தோளைக் குலுக்கினாள்.

பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது.
தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் சூடு தங்கி
வெடித்துவிடும்.
வேலைக்குக் கொண்டுபோகும் அதே நீலக் கையுறையை மாட்டி
குழிக்குள் பொருத்தித் திருகும்போது
பழக்க தோஷம்,
"வலிக்காது" என்றேன் அதனிடம்.

முதல் இரவு
ஃபர் மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன.
இத்தனை நாள் அவற்றை
ஒரே மரமென்று நினைத்திருந்தேன் போல.
எதிரே வந்த வண்டிகள் கண் சிமிட்டின.
இந்தச் சாலையில் யாரும் யாருக்கும் கையசைப்போம்.
நானும் சிமிட்டினேன்,
சந்தோஷமாக.

மறுநாள் லெவி காஸின் குதிகாலில்
துணி சுற்றிக்கொண்டிருந்தேன்.
அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஊனா:
"எவனோ ஒரு மடையன் நேற்று ராத்திரி,
உலகத்தையே கொளுத்துகிற விளக்கோடு வந்தான்.
குருடாகி ஓடையோரம் இறங்கி நின்றேன்."
எந்த இடம் என்றேன்.
"பாலத்துக்கு இந்தப் பக்கம்.
பதிலுக்கு விளக்கை வேறு அடித்துக் காட்டுகிறான்,
திமிரைப் பாரேன்."
நாடாவை நிதானமாக ஒட்டினேன்.
புண் ஆறிவருகிறது என்றேன்.
அது உண்மை.

பல்பின் மேல் தப்பில்லை, அல்லது முழுத் தப்பும் இல்லை.
பனிக்காலத்துக்கென்று பின்தட்டில் போட்ட
ஆறு மணல் மூட்டைகள்
வாலை அமுக்க, மூக்கு நிமிர்ந்து
வருகிறவர் முகத்திலெல்லாம் அறைந்திருக்கிறது என் வெளிச்சம்.

பூட்டிய மீன் ஆலையின் சுவருக்கு எதிரே
இருபத்தைந்து அடி அளந்து நிறுத்தினேன்.
கட்டுப் போடும் வெள்ளை நாடாவால் சுவரில் ஒரு கோடு.
திருப்புளியைச் சுற்றச் சுற்ற
இடது திட்டு இறங்கியது.
வலது, துருப்பிடித்தது, இறங்க மாட்டேன் என்றது.
திட்டினேன். எண்ணெய் விட்டேன். மறுபடி திட்டினேன்.
கடைசியில் அதுவும் வந்தது,
கோட்டுக்குக் கீழே இரண்டு விரல்.

ஊனாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர். மூடுபனி.
பாலத்துக்கு அந்தப் பக்கம்
சாலையோரம் நான்கு வெளிறிய கம்பங்கள்.
முயலின் கண் மின்னும், நரியின் கண் மின்னும்.
மூஸின் கண்
எந்த விளக்கும் எட்டாத உயரத்தில் இருக்கிறது.
ஓநாய்ப் பெட்டியில் அதையும் எழுதவில்லை.

கம்பங்களில் ஒன்று நகர்ந்தது.

மிதித்தேன்.
மணல் மூட்டைகள் சரிந்து முன்னே வந்து இடித்தன.
முட்டி வரை வெளிச்சம்.
அதற்கு மேலே இருந்த இருட்டு
அவசரமில்லாமல் என்னைப் பார்த்துவிட்டுச்
சாலையைக் கடந்தது.