நூற்றிருபது ஜெட்

பெயர் சைலன்சர்.
சத்தம் போடத்தான் வாங்கியிருக்கிறான் தேனப்பன்,
மூவாயிரத்து எண்ணூறு, டெல்லியிலிருந்து பார்சலில்.
மாட்டுமுன் ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தானாம்.
முன்வாசலில் நின்றால் பின்தெரு தெரிகிற
கானாடுகாத்தான் வீடு மாதிரி
மறுமுனை வரை வெளிச்சம்.
தடுப்பில்லை, பஞ்சில்லை.

"நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா வெடிக்குது."

ஆக்சிலேட்டரை விட்டுக் காட்டினான்.
பட். படார்.
பூட்டிய வீட்டு மதில் அதை வாங்கி
எதிர் மதிலுக்குக் கொடுக்க,
அது திருப்பிக் கொடுக்க,
ஒரு வெடி மூன்றானது.
வேம்பில் ஒரு காக்கை மிச்சமில்லை.

நகைக்கடன் கடையில் பேரேடு எழுதுகிறவன்.
அவன் பாஷையிலேயே சொன்னேன்:
செலவு வாசலை அகலத் திறந்துட்ட,
வரவு மட்டும் அதே பழைய ஓட்டை வழியா.
காத்து கூடிப் போச்சு, பெட்ரோல் கூடல.
பற்று வரவு இடிக்குது.
"கையிருப்புல இருந்து எடுத்துக்காதா?"
கையிருப்புன்னா பிஸ்டன்தான்.
எடுக்கலாம், ஒரே ஒரு தடவை.

பிளக்கைக் கழற்றினேன். வெள்ளை.
முட்டைவெள்ளை போட்டு இழைத்த சுவருக்கு அழகு அது,
பிளக்குக்கு ஆகாது.

எஞ்சின் ஆறியதும்
சைலன்சர் கழுத்தில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்தேன்.
நுரைக்கவில்லை. ஒழுக்கு இல்லை.
மிதவைக் கிண்ணத்தை இறக்கினால்
அடியில் கொஞ்சம் துரு, செத்த எறும்பு ஒன்று.
நூற்றுப்பத்து ஜெட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டு
நூற்றிருபதை முடுக்கினேன்.
பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும்
வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

ஊசியில் கிளிப்பை ஒரு படி கீழே இறக்க
ஊசி ஒரு படி மேலே ஏறும்.
கீழே இறக்கினால் கீழேதான் போகும் என்று நம்பி
தொழிலுக்கு வந்த புதிதில்
மூன்று வண்டியைக் கெடுத்திருக்கிறேன்.
மூன்றாவது என்னுடையது.

பிறகு ஏர் ஸ்குரூ.
முழுக்க உள்ளே, மெல்ல, பித்தளை நோகாமல்.
ஒரு சுற்று வெளியே.
இன்னும் அரை.
எஞ்சின் தானாக மூச்சேறும் இடம்
எங்கோ அங்கேதான்

என்று காதைக் கொடுத்திருந்தபோது ஓடி வந்தான்
கழுத்தில் வாக்கிடாக்கி தொங்க ஒரு பையன்.
மூன்றாம் வீட்டில் ஷூட்டிங்.
"அக்கா, உள்ள நிச்சயதார்த்த சீன், லைவ் சவுண்டு.
காலைலேர்ந்து பொண்ணு வாயத் திறக்கிறப்பல்லாம்
உங்க வண்டி வெடிக்குது."
பொண்ணு என்ன சொல்லணும்?
"சம்மதம்னு."

அரைமணி நேரம் கொடுத்தோம்.
பள்ளத்தூர் ரோட்டுக்கு உருட்டிக்கொண்டு போய்
மூன்றாம் கியரில் முழுக்க முறுக்கி,
அப்படியே அணைத்து, கிளட்சைப் பிடித்து,
புளியமரத்தடியில் நின்றோம்.
கை சுடச்சுட பிளக்கைக் கழற்றினேன்.
கருகாமல் வறுத்த மல்லி நிறம்.
தேனப்பன் மோந்து பார்த்தான். ஏனென்று கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ஆக்சிலேட்டரை விட்டேன்.
வெடிக்கவில்லை.
கனமாக, கீழ்ஸ்தாயியில், இறங்கி வந்தது.
மதில்கள் வாங்கி வைத்துக்கொண்டன.

பட்டறை வாசலில் அதே பையன்.
கூட, ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிய ஒருவர்,
பெயர் பிலவேந்திரன், சவுண்டு.
"காலைல ஒரு வெடி வெடிச்சுதே,
மதில்ல மோதி மூணா வந்துதே, அது வேணும்.
க்ளைமாக்ஸ்ல துப்பாக்கி வருது.
ஆயிரம் ரூபா தர்றோம்."

மூவாயிரத்து எண்ணூறில் ஆயிரம் போக,
என்று தேனப்பன் உதடு அசைவது தெரிந்தது.
"எவ்வளவு நேரமாகும் அக்கா?"

கெடுக்கவா? பத்து நிமிஷம்.
கூலி மட்டும் சரிபண்ற கூலிதான்,
போக ஒண்ணு, வர ஒண்ணு.

நூற்றுப்பத்து பைக்குள் கிடந்தது,
கிராம்பைவிடச் சின்னதாய்.
அந்தப் பொண்ணு சம்மதம் சொல்லிட்டாளா, என்றேன்.
"பதினாலாவது டேக்ல."

சரி என்று
கிண்ணத்தின் முதல் ஸ்குரூவில் கை வைத்தேன்.