புகை வாடகை

எங்கள் பாகத்துக்குப் புகைபோக்கி வந்தது,
பெரியப்பா பாகத்துக்கு அடுப்பின் வாய்.
பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது:
வடபுறம் அ ஷெட்யூல், தென்புறம் ஆ ஷெட்யூல்,
நடுவே ஒன்பது அங்குலச் சுவர்.

அதற்கு முன்னால் இது ஒரே கடை.
அதற்கும் முன்னால் உப்புக்கிடங்கு.
எண்ணூர் உப்பு கால்வாயில் படகேறி வந்து
கூரைவரை அடைந்து கிடந்ததாம்.
இன்றைக்கும் ஐப்பசி பிறந்தால் சுவர் வியர்க்கும்.
எந்தக் கம்பெனி பெயின்ட் அடித்தாலும்
தை மாதத்தில் அப்பளம்போல் பெயர்ந்து விழும்.
நக்கிப் பார்த்திருக்கிறேன்.

தாத்தா சவரிராயன் அறுபத்து நாலில்
ரங்கூன் கப்பலிலிருந்து இறங்கியபோது
ஒரு டிரங்குப் பெட்டி, நாலு ரொட்டித் தகரம்.
நகையை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள்.
தகரத்தை யாரும் கேட்கவில்லை.
கிடைத்த கடனில் பாதியை உப்புக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து
ஈரச் சுவருக்குள் அடுப்பு கட்டினார்.
"உப்பு ஓதத்துல மாவு பொங்காது நைனா"
என்றது வண்ணாரப்பேட்டைச் சந்து முழுக்க.
பொங்கியது. கொஞ்சம் கரித்தது.
கரிப்புக்குப் பழகிய நாக்குதான் இந்தப் பக்கமெல்லாம்.

போர்டு எழுத வந்தவரிடம்
மௌல்மேன் பேக்கரி என்றார் தாத்தா, பிறந்த ஊர்.
எழுத்துக்கு எட்டணா.
ஏணியை எடுத்த பிறகு அண்ணாந்து பார்த்தால்
மௌனமேன் பேக்கரி.
திருத்தினால் மறுபடி எட்டணா.
சந்திலேயே அதிகம் பேசுகிற மனுஷனுக்கு
மௌனக் கடைக்காரர் என்று பெயர் விழுந்தது.
விட்டுவந்த ஊர் இரண்டாம் தடவையும் போனது,
எட்டணா மிச்சத்தில்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்
ராயபுரத்து வீடுகளின் கேக் மாவு
தட்டு தட்டாக வரும் வேகவைக்க,
மாவின்மேல் கிராம்பால் குத்திய முதலெழுத்தோடு.
ஒரு வருஷம் இரண்டு டிசூசாக்களின் தட்டு மாறி
அந்த வீடுகளுக்குள் பத்து வருஷம் பேச்சில்லை.

எங்களுக்குள் எதற்காக என்று கேட்டால்
அப்பா ஒரு வருஷத்தைச் சொல்வார்,
பெரியப்பா வேறொரு வருஷத்தை.
காரணத்தை யாரும் சொன்னதில்லை.
கேஸ் ஏழு வருஷம்.
புகை எங்கள் கூரை வழியாகப் போவதற்கு ஈடாக
நாளொன்றுக்கு இரண்டு ரொட்டி என்று தீர்ந்தது.
சுவர் கூரையைத் தொடுவதற்குள் காசு தீர்ந்திருந்தது.
விடிகாலை ஐந்துக்கு அந்த இடைவெளியில்
ஒரு கை வரும், தினத்தாள் பொட்டலத்தோடு.
அம்மா அதைப் புகை வாடகை என்பாள்.
என் யூனிஃபார்மில் சவுக்குப் புகை.
வகுப்பில் என் பெயர் கருவாடு.

பிறகு பெரியப்பா மகன் ஜெரால்டு அண்ணன்
கரண்ட் அடுப்பு வாங்கினார்.
புகைபோக்கியில் புறா முட்டையிட்டது.
நான் முன்பக்கம் செல்போன் ரிப்பேர் கடை போட்டேன்.
புகை நின்ற மறுநாளும் கை வந்தது.
அதற்கு மறுநாளும்.
நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை,
போர்டில் எழுதியிருப்பதுபோல.

சந்துக்கு அடியில் மெட்ரோ மெஷின் வருகிறதென்று
படிவத்தோடு வந்தான் ஒரு இன்ஜினியர் பையன்.
கட்டடத்தின் வயது?
அண்ணன் உப்பிலிருந்து எண்ணினார், நான் சுவரிலிருந்து.
கட்டியவர் பெயர்?
கோடு போட்டுக்கொண்டான்.
நடுச்சுவர் யாருது சார்?
ஏழு வருஷம் நடந்த சுவர்.
"அவங்களுது" என்றோம்
இரண்டு பேரும் ஒரே மூச்சில்.

விரிசலின் குறுக்கே
மூன்று கண்ணாடித் துண்டு ஒட்டிவிட்டுப் போனான்.
கட்டடம் அசைந்தால் உடையுமாம்.
முதலாவது ஒரு செவ்வாய் ராத்திரி உடைந்தது,
டம்ளர் விழுந்ததென்று திரும்பிப் படுத்தேன்.
இரண்டாவது எப்போதென்று தெரியாது.
மூன்றாவதைத் துடைக்கலாமென்று இன்று காலை போனால்
விரிசல் நெடுக வெள்ளை.
இன்னும் ஐப்பசி பிறக்கவில்லையே என்று
விரலில் தொட்டு நக்கினேன்.

மைதா.